பல்கலைக்கழகம் முதல் பிரிவுக்கு மாறினால் மகளுக்கு நல்லதா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் உதவித்தொகையில் படிக்கிறாள். அங்கே விளையாட்டு அணிகளை இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு உயர்த்தலாமா என்று யோசிக்கிறார்களாம். அவளுக்கு இது நல்லதா? இவ்வளவு செலவு செய்து ஏன் மாறுகிறார்கள்?

பதில்:

முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்: மகள் எந்த ஆண்டில் படிக்கிறாள்? பதிலில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மத்திய மேற்கில், இரண்டாம் பிரிவில் விளையாடும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். விளையாட்டில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. பள்ளியில் கோகோவில் கூட உட்காரத்தான் வைத்தார்கள். ஆனால் எங்கள் தலைவருக்கும் சில ஆண்டுகளுக்கு முன் இந்த முதல் பிரிவு ஆசை வந்தது. குழு போட்டார்கள். குழுவுக்கு எண்களைத் திரட்டிக் கொடுத்தது நான்.

நம் ஊர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டிகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பில் சுமார் 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. ஆட்டத்தில் வென்று மேல் பிரிவுக்கு ஏற முடியாது. விண்ணப்பித்து, பணம் கட்டி, காத்திருந்துதான் ஏற வேண்டும். அதற்கும் முன்னால், முதல் பிரிவில் இருக்கும் ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக், "எங்களோடு வாருங்கள்" என்று அழைக்க வேண்டும். அழைப்பு வராதவரை எல்லாம் வெறும் பேச்சு. ஆகவே மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, அழைப்பு வந்துவிட்டதா என்பதைத்தான்.

ஏன் மாறுகிறார்கள்? லாபத்துக்காக என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து அல்ல, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது) அணி வைத்திருக்கும் சில டஜன் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால், மற்ற இடங்களில் விளையாட்டுத் துறை தன் செலவைத் தானே சம்பாதிப்பதில்லை. மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகப் பொது நிதியும்தான் தாங்குகின்றன. வர்ஜீனியா மாநிலத்தில் 2015இல் இதற்குச் சட்டமே போட்டார்கள்: இத்தனை சதவீதத்துக்கு மேல் கட்டணத்தையும் மானியத்தையும் நம்பக் கூடாது என்று. கால்பந்தில் மேல்தட்டுக்கு ஒரு படி கீழே இருக்கும் கல்லூரிகளுக்கு 70% வரை அனுமதி, மேல்தட்டில் பெரிய லீக் அல்லாதவற்றுக்கு 55% வரை. கட்டுப்படுத்துவதற்காக வைத்த வரம்பே 70% என்றால், நிலவரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் யார் பக்கத்தில் இலை விழுகிறது என்பதுதான் உண்மையான காரணம். யூசி சான் டியேகோவை, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் குவியும் இடம்; விளையாட்டால் புதிதாக ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கால்பந்து அணிகூடக் கிடையாது. ஆனால் அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பத்தில் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா, ரிவர்சைட் எல்லாம் முதல் பிரிவு. சான் டியேகோ மட்டும் இரண்டாம் பிரிவில், வேறு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவர்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். 2012இல் மாணவர்கள் வேண்டாம் என்றார்கள். 2016இல் மறுபடி கேட்டார்கள். இம்முறை பத்தில் ஏழு பேர் சரி என்றார்கள். கட்டணம் ஒரு படிப்புப் பருவத்துக்கு 160 டாலர் வரை படிப்படியாகக் கூடும் என்று தெரிந்துதான் வாக்களித்தார்கள். 2017 நவம்பரில் பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் அழைத்தது. 2020இல் மாறினார்கள்.

இனி அந்த நான்காண்டுக் கணக்கைப் பாருங்கள். மாறிய அணிக்கு அப்போது நான்கு ஆண்டுகள் இடைக்காலம். லீக் ஆட்டங்களில் விளையாடலாம், வெல்லலாம்; என்சிஏஏ சாம்பியன்ஷிப் வாசல் மட்டும் திறக்காது. 2016இல் முதலாண்டு மாணவராக வாக்களித்தவர் 2019இலேயே பட்டம் வாங்கிப் போய்விட்டார். 2020இல் சேர்ந்தவர் 2024இல் போய்விட்டார். அந்த 2023-24 பருவத்தில் ஆண்கள் கூடைப்பந்து அணி லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தும் கதவு மூடியேதான் இருந்தது. 2025இல் கதவு திறந்தது. முதல் ஆண்டிலேயே ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உள்ளே நுழைந்தன. ஆண்கள் அணி 30 வெற்றிகளோடு போய், மார்ச் 20 அன்று டென்வரில் மிச்சிகனிடம் 68-65 என்று மூன்றே புள்ளியில் தோற்றது. கடைசிச் சில வினாடிகளை நான் அலுவலகக் கணினியின் ஓரத்தில் சிறிய சாளரமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் இருவருக்கும் அந்த ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதற்காகத்தான் மாறுகிறார்கள் என்று அன்று புரிந்தது. சில நாட்களில் அவர்களுடைய பயிற்சியாளர் எரிக் ஓலனை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டுபோய்விட்டது.

அதே 2025 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. பென்சில்வேனியாவின் லொரெட்டோ என்ற சிற்றூரிலுள்ள செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகமும் அதே போட்டிக்குத் தகுதி பெற்றது. தொடக்கச் சுற்றில் அலபாமா ஸ்டேட்டிடம் இரண்டு புள்ளியில் தோற்றது. ஒரு வாரத்துக்குள் அறிவிப்பு வந்தது: முதல் பிரிவை விட்டுவிட்டு மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. 2021இல் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகமும் இதையே செய்தது. தன் வரலாற்றில் முதல் முறையாக அந்தப் போட்டிக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரே மெச்சக் கல்யாணம் செய்துவிட்டு மறுநாள் வட்டிக் கணக்கைப் பார்த்த வீடு போலத்தான்.

இடைக்காலம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதற்கு மெரிமேக் கல்லூரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2019இல் முதல் பிரிவுக்கு வந்தவர்கள். 2023 மார்ச்சில் தங்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தை 67-66 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். ஆனால் நான்காம் ஆண்டு இன்னும் முடியவில்லை. அதனால் தேசியப் போட்டிக்குப் போனது தோற்ற ஃபேர்லி டிக்கின்சன். அவர்கள் போய் என்ன செய்தார்கள் தெரியுமா? போட்டித் தரவரிசையில் முதல் நிலை அணியான பர்டியூவை வீழ்த்தினார்கள். அவர்களைப் போலப் பதினாறாம் நிலை, அதாவது கடைசி நிலை, அணி ஒன்று முதல் நிலை அணியை வென்றது ஆண்கள் போட்டியின் வரலாற்றில் அதுவரை ஒரே ஒரு முறைதான். அன்று இரவு மெரிமேக் ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து எப்படி அதைப் பார்த்திருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

2025இல் விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். இரண்டாம் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், இடைக்காலம் மூன்று ஆண்டுகள். அப்படியும் உங்கள் மகள் இப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தால், அவளைப் பொறுத்தவரை இந்த மாற்றம் என்பது சாம்பியன்ஷிப் இல்லாத கல்லூரி வாழ்க்கைதான். இரண்டாம் பிரிவிலேயே இருந்திருந்தால் அந்தப் பிரிவின் தேசியப் போட்டிக்காவது போயிருப்பாள்.

வேறு சிக்கல்களும் உண்டு. முதல் பிரிவு என்றதும் பயிற்சியாளர் புதிய ஆட்களைத் தேட ஆரம்பிப்பார். டென்னிஸில் அது உலகம் முழுவதும் தேடுவது. நான்காம் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் ஏழாம் இடத்துக்குப் போவது சாதாரணம். ஒற்றையரில் ஆறு பேர்தான் ஆட முடியும். உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. எத்தனை ஆண்டுகளுக்கு என்று கையெழுத்திட்ட தாளில் இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்னதை நம்ப வேண்டாம். அவரே அடுத்த ஆண்டு அங்கே இருக்கிறாரோ என்னவோ.

இப்போது முதல் பிரிவில் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் நீதிமன்ற உடன்பாடு வந்திருப்பதைப் படித்திருப்பீர்கள். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சிறிய இடங்களில் அவ்வளவு பணம் கிடையாது. இருப்பதும் கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் போகும். உங்கள் மகள் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் அப்படி வரும் பணத்தை வாங்குவதே விசாச் சிக்கல். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலரும் தொட வேண்டாம்.

எங்கள் குழுவின் கதைக்கு வருகிறேன். ஆலோசகர் வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கையோடு வந்தார். வருமானப் பக்கத்தில் அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கி. அதில் ஒரு வரியைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்: பெரிய பல்கலைக்கழகங்களின் ஊருக்குப் போய் அவர்களோடு ஆடினால் கிடைக்கும் தொகை. சிறிய அணிகளுக்கு முதல் பிரிவில் இது நிலையான வருமானம். பெரிய அணி தன் சொந்த மைதானத்தில் எளிதாக ஒரு வெற்றியைச் சேர்த்துக்கொள்வதற்காகக் காசோலை கொடுக்கிறது. "அதாவது தோற்பதற்குக் கூலி," என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுத் துறை இயக்குநர் மட்டும் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். பாவம், அவருக்கும் தெரியும்.

அந்த அறிக்கையில் விமானச் செலவு இருந்தது, புதிய பயிற்சியாளர்கள் சம்பளம் இருந்தது. கூடுதல் விளையாட்டுகள் இருந்தன, ஏனென்றால் இரண்டாம் பிரிவுக்குப் பத்து போதும், முதல் பிரிவுக்குப் பதினான்கு வேண்டும். இதெல்லாம் எங்கிருந்து வரும் என்ற இடத்தில் "மாணவர் ஆதரவு" என்று இரண்டே சொற்கள். அந்த வாரம் கட்டணக் கவுண்டரில் ஆள் குறைவு என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் வந்தாள். கடையில் வேலை முடித்து நேராக வந்திருக்கிறாள் போல, சட்டையில் பெயர்ப்பட்டை அப்படியே இருந்தது. நான்காக மடித்த கட்டண ரசீதைப் பிரித்து, "விளையாட்டுக் கட்டணம்" என்ற வரியில் நகத்தை வைத்து, "நான் ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. இதை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டாள். முடியாது, அது எல்லோருக்கும் பொது என்றேன். சரி என்று மறுபடி நான்காக மடித்துக்கொண்டு போனாள். "மாணவர் ஆதரவு" என்று அந்த அறிக்கை சொன்னது இவளைத்தான்.

சான் டியேகோ மாதிரி எங்களிடம் வாக்கெடுப்பு வைக்கலாமே என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன். அது தேவையில்லாத சர்ச்சை என்றார்கள். கடைசியில் எந்தக் கான்ஃபரன்ஸும் எங்களை அழைக்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டதாக யாரும் அறிவிக்கவும் இல்லை.

உங்கள் மகளுக்கு வருகிறேன். முதலாண்டு என்றால், அதுவும் அழைப்பு வந்து தேதி குறித்தாகிவிட்டது என்றால், இருக்கலாம். முதல் பிரிவு லீக்கில் ஆடிப் பார்க்கலாம்; சாம்பியன்ஷிப் வாசல் அவள் பட்டம் வாங்குவதற்குள் திறக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு மேல் என்றால் படிப்பையும் பட்டத்தையும் பார்த்து முடிவெடுங்கள், பிரிவைப் பார்த்து வேண்டாம். அவளுக்கு உண்மையிலேயே முதல் பிரிவு ஆட்டம் இருக்கிறது என்றால், பல்கலைக்கழகம் ஏறுவதற்குக் காத்திருப்பானேன்? அவளே ஏறிவிடலாம். மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ் என்சிஏஏவிலேயே இல்லாத ஜார்ஜியா க்வின்னெட் கல்லூரியில் ஆடிவிட்டு, முதல் பிரிவிலுள்ள வேக் ஃபாரஸ்டுக்கு மாறினார். 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக சுவிட்சர்லாந்தைத் தோற்கடித்த அணியில் இருந்தார்.

மாற வேண்டுமானால் முதலில் பெயரை மாறுதல் பட்டியலில் பதிய வேண்டும். அதற்குக் கெடு உண்டு, பதிந்த பின் இப்போதைய இடம் அவளுக்காகக் காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. எந்த ஆண்டு, அழைப்பு வந்ததா, உதவித்தொகைத் தாளில் எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.