வாசகர் கேள்வி – பதில்: கடலூருக்கு எதிரே நின்ற ஸ்பானியக் கப்பல்

கேள்வி (கடலூர் வாசகர்): 1783-ல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் ‘மொனார்கா’ என்றொரு கப்பல் இருந்ததாகப் படித்தேன். ஸ்பானியப் பெயராக அல்லவா இருக்கிறது? அதன் முழு வரலாற்றைத் தேட எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: பெயர் மட்டுமல்ல, கப்பலும் ஸ்பெயினுடையதுதான். 1780 ஜனவரி 16 அன்று செயின்ட் வின்சென்ட் முனைக்கு அருகே ஆங்கிலேய அட்மிரல் ராட்னி, லாங்காராவின் ஸ்பானியப் படையைத் துரத்திப் பிடித்தார். சண்டை இரவிலும் நீண்டதால் அதற்கு ‘நிலவொளிச் சண்டை’ என்று பெயர். சாண்டோ டொமிங்கோ வெடித்துச் சிதறியது. ஆறு கப்பல்கள் பிடிபட்டன. புயலும் கரையும் அவற்றில் இரண்டைப் பிடுங்கிக்கொள்ள, நான்கு மட்டும் ஆங்கிலேயர் கையில் தங்கின. அந்த நான்கில் இரண்டு நம் கடலுக்கு வந்தன. ஒன்று உங்கள் மொனார்கா. இன்னொன்று லாங்காராவின் கொடிக்கப்பலாக இருந்த, ஹவானாவில் கட்டிய ‘ஃபேனிக்ஸ்’. ஆங்கிலேயர் அதற்கு ‘ஜிப்ரால்டர்’ என்று பெயர் மாற்றினார்கள்.

ஜான் ஜெல் கேப்டனாக இருந்த மொனார்கா, ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸுக்கும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்கும் நடந்த ஐந்து சண்டைகளிலும் இருந்தது. 1782-ல் சதுரங்கப்பட்டினம், புரொவிடியன் (இலங்கையின் கிழக்குக் கரையோரம்), நாகப்பட்டினம், திருகோணமலை, 1783-ல் கடலூர். ஜிப்ரால்டர் 1782-ன் கடைசியில்தான், ஹியூஸுக்குத் துணையாக வந்த ஆங்கிலேயத் தளபதி பிக்கர்டனின் படையோடு வந்தது. அதற்குக் கிடைத்தது கடலூர் மட்டும்.

தேடலை இணையத்தில் பெயரைத் தட்டித் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, கப்பலின் அன்றைய பெயர், கேப்டன், இருந்த இடம். பிடிபட்ட நாள் நடுக்கோடு. அதற்கு மேலே ஸ்பானிய வாழ்க்கை, கீழே ஆங்கிலேய வாழ்க்கை. முடிவையும் எழுதிவிடுங்கள். மொனார்கா 1791-ல் விற்கப்பட்டது. ஜிப்ரால்டர் 1836-ல் பெம்புரோக் கப்பல்துறையில் உடைக்கப்பட்டது. இனி ஆவணங்களின் வேலை இடைவெளிகளை நிரப்புவது.

ஆங்கிலேயப் பக்க ஆவணங்கள் லண்டனை ஒட்டிய கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாம் ‘ஏடிஎம்’ என்று தொடங்கும் எண் வரிசைகள். முதலில் கேட்க வேண்டியது ஏடிஎம் 180. கப்பல்துறைக்கு எந்த நாளில் வந்தது, எப்போது உலர்துறையில் ஏறியது, அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு எப்போது அடித்தார்கள், உடலுக்கும் பாய்மரச் சாமான்களுக்கும் என்ன செலவு என்று ஒரு கப்பலின் ஜாதகமே அதில் வரிவரியாக இருக்கும். அடுத்து ஏடிஎம் 8: எந்தக் கப்பல், யார் கேப்டன், எங்கே நிற்கிறது என்ற பட்டியல். இந்த இரண்டும் உங்கள் தாளின் எலும்புக்கூட்டைக் கொடுத்துவிடும்.

சதை லாக் புத்தகங்களில், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேடுகளில். கேப்டன் லாக் ஏடிஎம் 51, மாஸ்டர் (கப்பலை வழிநடத்தும் அதிகாரி) லாக் ஏடிஎம் 52. லெப்டினன்ட் லாக் மட்டும் கியூவில் கிடையாது. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கேட்க வேண்டும். லாகை ஒப்படைத்தால்தான் அதிகாரிக்குச் சம்பளக் கணக்கு முடியும் என்பதால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. அதே காரணத்தால், பணியில் இறந்த கேப்டனின் லாக் அகப்படாமல் போகலாம். அப்போது மாஸ்டர் லாகுக்குப் போங்கள். காற்று, திசை, ஆழம் ஆகியவற்றில் மாஸ்டர்தான் நம்பகமானவர் என்பது என் கருத்து. கேப்டனுக்கு அட்மிரால்டியின் (ஆங்கிலேயக் கடற்படைத் தலைமையகம்) மீது ஒரு கண் இருக்கும்.

ஆட்களைத் தேடினால் ஏடிஎம் 36, அதாவது மஸ்டர் புத்தகம் என்னும் கப்பல் ஆள் பட்டியல். சுமார் 1764 முதல் வயதும் பிறந்த ஊரும் எழுதினார்கள். பெயருக்கு எதிரே ‘டி’ என்றால் இறக்கிவிடப்பட்டவர், ‘டிடி’ என்றால் இறந்தவர், ‘ஆர்’ என்றால் ஓடிப்போனவர். கடைசிப் பக்கங்களில் உள்ள உபரி ஆள் பட்டியலைத் தவறவிடாதீர்கள். சிப்பாய்களோ லஸ்கர்களோ (இந்திய மாலுமிகள்) கப்பலில் ஏறியிருந்தால், சாப்பாட்டுக் கணக்குக்காக அவர்கள் பெயர் அங்கேதான் வரும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 74 பீரங்கிகள் கொண்ட ‘மொனார்க்’ என்ற ஆங்கிலக் கப்பலும் அதே காலத்தது. 1780-ல் ஆடம் டங்கனைக் கேப்டனாகக் கொண்டு, மொனார்கா பிடிபட்ட அதே சண்டையில் ராட்னியின் பக்கம் நின்றது அது! ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அக்கால எழுத்தர் அதில் கோட்டைவிட்டால், அட்டவணை போட்டவரும் அப்படியே எடுத்துக்கொள்வார். கட்டைத் திறந்ததும் கேப்டன் பெயரைப் பாருங்கள். ஜெல் இருந்து, கப்பல் சோழமண்டலக் கரையில் நின்றால் அது நம்முடையது. 1805 டிராஃபல்கரில் பிடிபட்டுப் புயலில் சிக்கி அழிந்த இன்னொரு ஸ்பானிய மொனார்காவும் உண்டு. அது பிறகு கட்டியது, இதோடு சேர்க்காதீர்கள்.

ஜிப்ரால்டரின் தொல்லை வேறு. அந்தப் பெயரில் ஒரு துறைமுகமே இருப்பதால் தேடலில் ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஏடிஎம் 51 என்று வரிசையையும், 1780–1783 என்று ஆண்டையும் கட்டிப்போட்டுத் தேடுங்கள். அதற்கு முன்பே அதே பெயரில் 20 பீரங்கிச் சிறு கப்பலொன்று இருந்ததையும் மனத்தில் வையுங்கள்.

கியூவுக்கு நேரில் போகிறவர்களுக்கு: அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் அட்டை இலவசம். உங்கள் கேமராவில் படமெடுக்கவும் கட்டணமில்லை. ஒவ்வொரு கட்டின் முதல் படத்திலும் அதன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்து எடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தப் பக்கம் எந்தக் கட்டில் இருந்தது என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): நாகப்பட்டினச் சண்டை 1782 ஜூலை 6 என்கிறார்கள். ஒரு லாகின் படியில் சண்டையின் பாதி ஜூலை 7-ல் வருகிறது. இரண்டு நாள் நடந்ததா?

பதில்: ஒரே நாள்தான். தேதிதான் இரண்டு. அக்கால ஆங்கிலேயக் கப்பலில் நாள் நள்ளிரவில் பிறக்காது, நண்பகலில் பிறக்கும். அதுவும் கரைத் தேதியை விட அரை நாள் முந்தி. லாகில் ‘ஜூலை 6’ என்ற பதிவு, கரைக் கணக்கில் 5-ஆம் தேதி நண்பகலில் தொடங்கி 6-ஆம் தேதி நண்பகலில் முடியும். அதனால்தான் பக்கத்தில் பிற்பகல் மேலேயும் முற்பகல் கீழேயும் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் குண்டு வெடிக்கத் தொடங்கியது முற்பகலில், பதினொரு மணி வாக்கில். ஆகவே தொடக்கம் ‘ஜூலை 6’ பதிவின் அடியில் இருக்கும். நண்பகல் தாண்டியதும் எழுத்தர் கோடு போட்டு ‘ஜூலை 7’ என்று எழுதி, மீதிச் சண்டையை அதன் தலையில் எழுதியிருப்பார். சண்டை நடுவே தேதி மாறும் இந்தப் பக்கம், லாக் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல பாடம். மற்ற நான்கும் நண்பகலுக்குப் பிறகு மூண்டவை. சதுரங்கப்பட்டினம் (பிப்ரவரி 17) லாகில் 18-ஆம் தேதியில் இருக்கும். புரொவிடியன் (ஏப்ரல் 12) 13-ல். திருகோணமலை (செப்டம்பர் 3) 4-ல். கடலூர் (ஜூன் 20) 21-ல்.

1805-ல் அட்மிரால்டி இந்த வழக்கத்தை நிறுத்தியது. அட்மிரலின் கடிதங்கள் எப்போதும் கரைத் தேதியில்தான். எனவே கடிதத்துக்கும் லாகுக்கும் ஒரு நாள் இடித்தால் பதற வேண்டாம். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும்போது சில லாகுகள் கரைக் கணக்குக்கு மாறுவதும் உண்டு. பிற்பகல் மேலே இருக்கிறதா, முற்பகல் மேலே இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

1700-க்கும் 1752-க்கும் இடைப்பட்ட கப்பலானால் இன்னொரு கோளாறு: இங்கிலாந்தின் காலண்டர் ஸ்பெயினை விட 11 நாள் பின்தங்கியிருந்தது. 70 பீரங்கிகளின் ‘பிரின்செஸா’ ஆங்கிலேயர் கணக்கில் 1740 ஏப்ரல் 8 அன்று பிடிபட்டது. ஸ்பானிய ஆவணத்தில் அது ஏப்ரல் 19. (1780-ல் பிடிபட்ட பிரின்செஸா வேறு கப்பல்.)

இடத்தைக் குறிக்க, கரையில் தெரியும் கொடிமரத்தையோ கோபுரத்தையோ திசைகாட்டியில் பார்த்து, இத்தனை லீக் என்று எழுதுவார்கள். ஒரு லீக் சுமார் 5.5 கிலோமீட்டர். திசை 32 பங்குகளில் வரும். ஒரு பங்கு 11¼ பாகை. தூரம் கண்ணளவு என்பதால் வரைபடத்தில் புள்ளி வைக்காமல் ஒரு வட்டம் போடுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஸ்பானியப் பக்க ஆவணங்கள் எங்கே?

பதில்: 1783 வரையிலான கடற்படைச் செயலக ஆவணங்கள் வயாடோலிட் அருகே சிமாங்காஸ் காப்பகத்தில். பிற்காலத்துக்கு, சியுதாத் ரியால் மாகாணத்து வீசோ டெல் மார்கேஸ் ஊரில் உள்ள ஆல்வரோ டி பாசான் கடற்படைக் காப்பகம். ஹவானாவில் கட்டியவற்றுக்குச் செவில்லியின் ‘இந்தியாஸ்’ காப்பகத்தையும் (இந்தியா அல்ல, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கானது) பாருங்கள். அட்டவணையின் ஒரு பகுதி ‘பாரெஸ்’ இணையதளத்தில் இலவசம். ஸ்பானியக் கப்பலுக்குப் புழங்கும் பெயரோடு புனிதர் பெயரொன்றும் இருக்கும், இரண்டிலும் தேடுங்கள். அளவுகள் ‘கோடோ’வில் வரும். கப்பல் கட்டுவோர் கோடோ 57.47 செ.மீ., சாதாரண கோடோ 41.8 செ.மீ. 80 கோடோ அடிக்கட்டை முதல் கணக்கில் 46 மீட்டர், இரண்டாவதில் 33. கப்பல் திடீரென்று சுருங்கினால் காரணம் இதுதான்.

கேள்வி (திருச்சி வாசகர்): மொனார்காவுக்கு ஓரிடத்தில் 70 பீரங்கி, ஓரிடத்தில் 68. எது சரி?

பதில்: இரண்டும். 70 ஸ்பானியத் தரம், 68 ஆங்கிலேயத் தரம். பிடித்த கப்பலைக் கப்பல்துறை அளந்து, மதிப்பிட்டு, நேவி போர்டு (கப்பல்களைக் கட்டிப் பராமரித்த வாரியம்) வாங்கிய பிறகு தங்கள் அளவுப்படி பீரங்கி ஏற்றுவது வழக்கம். இந்தக் கடிதங்களை ஏடிஎம் 106-ல் தேடலாம். மாற்றத்துக்குக் காரணம் குண்டின் எடை. ஸ்பானிய ராத்தல் 460 கிராம், ஆங்கிலேய ராத்தல் 453.6 கிராம். 24 ராத்தல் குண்டு அங்கே 11.04 கிலோ, இங்கே 10.89 கிலோ. சிறு வித்தியாசம்தான், ஆனால் கிடங்கில் இருக்கும் குண்டு பீரங்கி வாய்க்குச் சரியாக அமர வேண்டுமே. குட்டையான காரனேடு பீரங்கிகளை அக்காலத் தரக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், உண்மையில் கப்பலில் இருந்தவை கூடுதலாகவும் இருக்கலாம்.

டன் கணக்கும் அப்படித்தான். ஆங்கிலேயர் அடிக்கட்டை நீளத்தை அகலத்தாலும் பாதி அகலத்தாலும் பெருக்கி 94-ஆல் வகுத்தார்கள். அடிக்கட்டை 144 அடி, அகலம் 50 அடி என்று வைத்துக்கொண்டால் 1,914 டன், மீதி 84/94. பின்னத்தில் 94 இருந்தால் அது இந்தக் கணக்கு. எடையோ நீர்ப்பெயர்ச்சியோ அல்ல. ஸ்பானிய ‘தொனெலாதா’வோடு நேராக ஒப்பிடவும் கூடாது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): 1797-ல் பிடிபட்ட ‘சால்வடார் டெல் முண்டோ’வுக்குப் பயண லாகே அகப்படவில்லை. ஏன்?

பதில்: கடலுக்குப் போனால்தானே! 1797 பிப்ரவரி 14 அன்று பிடிபட்ட நான்கு ஸ்பானியக் கப்பல்களில் சான் ஹோசே மட்டும் ‘சான் ஜோசஃப்’ ஆகிக் கடலில் பணி செய்தது. 1801-ல் சில வாரங்கள் அட்மிரல் நெல்சனின் கொடி அதில் பறந்தது. மற்றவை துறைமுகத்தில் கட்டிப்போடப்பட்டன; சால்வடார் பிளிமத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கப்பலாக நின்றது. அப்படிப்பட்ட கப்பலுக்கு மஸ்டர் புத்தகங்கள் மலைபோல் இருக்கும். அதில் நூற்றுக்கணக்கானோர் சில நாள் தங்கிப் போனவர்கள். அவர்களைக் கப்பலின் சொந்த ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): லண்டன் போக வசதியில்லை. இங்கேயே ஏதும் உண்டா?

பதில்: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1782–83-க்கான சென்னை அரசின் ராணுவத் துறைப் பதிவேடுகளைக் கேளுங்கள். அப்போது ஆளுநர் மெக்கார்ட்னி. கப்பல் பெயரை விடப் படையின் பெயரில், அதாவது ஹியூஸ் பெயரில் தேடுவது பலன் தரும். சதுரங்கப்பட்டினம் ‘சட்ராஸ்’ என்றும் பரங்கிப்பேட்டை ‘போர்ட்டோ நோவோ’ என்றும் இருக்கும். 1782 அக்டோபருக்குப் பிறகு பக்கங்கள் மெலிந்தால் வியக்க வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றில் சென்னைக் கரையில் நிற்க முடியாமல் படை பம்பாய்க்குப் போய்விட்டது. அந்த மாதங்களுக்கு மும்பையில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். எதிர்த்தரப்பான பிரெஞ்சுக்காரர் கரையில் தேதி ஒப்பிட, புதுச்சேரி நயினாராக (காவல் தலைவர்) இருந்த இரண்டாம் வீராநாயக்கரின் தமிழ் நாட்குறிப்பு இருக்கிறது. 1778 முதல் 1792 வரையிலான காலத்தது.

கேள்வி (பரங்கிப்பேட்டை வாசகர்): தெருமுனையில் புதைந்திருக்கும் இரும்புப் பீரங்கி ஸ்பானியக் கப்பலுடையதா என்று எப்படி அறிவது?

பதில்: துருவைச் சுரண்டாதீர்கள்; முத்திரையும் சேர்ந்து போய்விடும். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள். அம்புக்குறியும் கிரீடமும் இருந்தால் ஆங்கிலேய அரசுடையது. பின்பக்கம் கோடு போட்டுப் பிரித்த மூன்று எண்கள் இருந்தால் ஆங்கிலேய எடை: 49-2-14 என்றால் 49×112, 2×28, 14 ராத்தல், மொத்தம் 5,558 ராத்தல், சுமார் 2,521 கிலோ. ஸ்பானிய இரும்புப் பீரங்கிகள் பெரும்பாலும் கன்டாப்ரியாவின் லா கவாடா ஆலையில் வார்த்தவை. எடை 100 ராத்தல் கொண்ட குவிண்டாலில் இருக்கும். பிடிபட்ட கப்பல்களில் பீரங்கியை மாற்றிவிடுவது வழக்கம் என்பதால், மொனார்கா இந்தக் கரையில் சுட்டதும் ஆங்கிலேயப் பீரங்கியால் என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வாயின் உள்விட்டத்தை மரக்குச்சியால் இரண்டு திசையில் அளந்து, படத்தோடு அனுப்பினால் எத்தனை ராத்தல் பீரங்கி என்று சொல்லலாம்.