நைட் டியூட்டியும் நாலு மணிக் கலக்கமும்

கேள்வி: நர்ஸிங் முடித்து மருத்துவமனையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் பதினொரு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வார்டிலோ விடியற்காலை நாலு மணிக்குக் கண் சொருகுகிறது. கேஸ் ஷீட்டை எத்தனை தடவை படித்தாலும் மனதில் ஏறுவதில்லை. டோஸ் மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சீனியர்கள் 'போகப் போகப் பழகிடும்' என்கிறார்கள். எனக்கு இந்த வேலை சரிப்படாதோ?

பதில்: அந்தப் பயம் உங்களுக்கு வந்ததே நல்லது. நோயாளியைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்குத்தான் அது வரும். வேலை சரிப்படுமா என்ற முடிவை மட்டும் தூக்கம் கெட்டிருக்கும் இந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம்தான் நம் உடம்பின் நேரத்தை நடத்துகிறது. உங்கள் டியூட்டி லிஸ்ட் அதற்குத் தெரியாது, கண்ணில் படும் வெளிச்சம்தான் தெரியும். விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் உடல் வெப்பம் மிகவும் இறங்கும், கூடவே கவனமும் இறங்கும். அனுபவசாலி சிஸ்டருக்கும் இதே கதைதான். 'பழகிடும்' என்பது பாதிதான் உண்மை. லீவு நாளில் எல்லோரையும் போல இரவில் தூங்குவோம் என்பதால், பெரும்பாலானோருக்கு உடம்பு முழுதாக மாறுவதே இல்லை. பகல் தூக்கத்தை நாம்தான் காப்பாற்றியாக வேண்டும்.

அதற்கு வீட்டார் ஒத்துழைப்பு வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது, அவர்களை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்புவது மாதிரி. இதை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். டியூட்டி முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வந்ததும் படுத்துவிடுங்கள். அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும். பதினொரு மணிக்கு விழித்தாலும் போனைத் தொடாமல் கிடந்து பாருங்கள். தூக்கம் வராவிட்டால் சரி, டியூட்டிக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் இன்னொரு ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். இரண்டு தவணையாகத் தூங்கினாலும் அது தூக்கம்தான்.

முதல் நைட்டுக்கு முந்தைய மதியத் தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. காலை ஏழு மணிக்கு எழுந்து, மதியம் தூங்காமல் டியூட்டிக்கு வந்தால் நள்ளிரவிலேயே 17 மணி நேரம் ஆகிவிடும். இன்னும் ஒரு முழு இரவு பாக்கி இருக்கும்.

அந்த நாலு மணிக்கு வருவோம். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), பொட்டாசியம் போன்ற, டோஸ் மாறினால் பெரிய ஆபத்தாகும் மருந்துகளை எப்போதுமே இன்னொருவர் தனியாகச் சரிபார்த்த பிறகே கொடுங்கள். அந்த நேரத்தில் மற்ற மருந்துகளுக்கும் நோயாளியின் பெயர், மருந்து, டோஸ், கொடுக்கும் வழி, நேரம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். டிரிப் கணக்கில் சந்தேகம் வந்தால் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். உட்கார்ந்து எழுதும் வேலையை முன்னிரவிலேயே முடிந்த அளவு முடித்துவிட்டு, இந்த நேரத்தில் நடமாடிக்கொண்டிருங்கள். இடைவேளையில் கண்ணயர அனுமதி இருந்தால் இருபது நிமிடம் போதும். எழுந்த உடனே மருந்தில் கை வைக்காதீர்கள், மந்தம் தெளியட்டும்.

காபி, டீ எல்லாம் டியூட்டியின் முதல் பாதியோடு சரி. கஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்கும் உடம்பில் பாதி நிற்கும். உங்கள் பதினொரு மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தூக்கம் கண்ணைக் கட்டும் காலையில் வண்டியை நீங்களே ஓட்டி வராதீர்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஷிப்ட் வேலையால் வரும் தூக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. தூக்க மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அதற்குள், எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் வார்டு இன்சார்ஜிடமும் சொல்லுங்கள். நாலு மணி மருந்துகளைச் சரிபார்க்க ஒரு சீனியரை உங்களோடு போடச் சொல்லிக் கேளுங்கள்.