அல்சாஸ் வெள்ளை ஒயின் பாட்டிலில் மட்டும் ஏன் திராட்சையின் பெயர் இருக்கிறது?

பிரான்சில் பெரும்பாலும் ஊரின் பெயரைத்தான் பாட்டிலில் போடுவார்கள். ஷாப்லி என்று எழுதியிருந்தால் அது ஷார்டனே திராட்சை என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸில் வழக்கம் வேறு. 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த பகுதி அது. அதனால் ஜெர்மனியைப் போலவே ரீஸ்லிங், கெவூர்ஸ்ட்ராமினர் என்று திராட்சையின் பெயரையே அங்கே எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் உள்ளே முழுக்க அந்த ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்பது விதி. பல வகைகளைக் கலந்தது என்றால் பெரும்பாலும் எடெல்ஸ்விக்கர் என்று போடுவார்கள்.

அங்கே தயாராவதில் சுமார் 90 சதவீதம் வெள்ளை ஒயின். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை வோஜ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கொல்மார் நகரம் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. அதனால் இலையுதிர் காலம் நீண்டு, வறண்டு இருக்கும். திராட்சை அவசரமில்லாமல் பழுக்கும்.

என் மனசுக்கு நெருக்கமானது ரீஸ்லிங்தான். இனிப்பில்லாமல், எலுமிச்சை போன்ற கூர்மையான புளிப்போடு இருக்கும். பல வருடம் வைத்திருந்தால் லேசாக மண்ணெண்ணெய் வாசனைகூட வரும். பயப்படாதீர்கள், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. கெவூர்ஸ்ட்ராமினர் இதற்கு நேர் எதிர். தோல் இளஞ்சிவப்பு, வாசனையோ ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்தது. பெயரில் உள்ள 'கெவூர்ஸ்' ஜெர்மனில் மசாலாவைக் குறிக்கும். பினோ கிரி, மஸ்கட் இரண்டும் சேர்ந்து நான்கு வகைகளுக்கு அங்கே தனி மதிப்பு. 'கிராண்ட் க்ரூ' என்று உயர்ந்த தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற 51 தோட்டங்களில் பெரும்பாலானவற்றில் இந்த நான்குக்குத்தான் அனுமதி.

அப்புறம், 'வாந்தாஞ் தார்திவ்' என்று எழுதியிருந்தால் தாமதமாகப் பறித்த பழம் என்று அர்த்தம். பொதுவாக இனிப்பாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.