ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

"ரத்தத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இவளுக்கு இந்த வேலை சரிப்படுமா?" என்று கேட்டிருந்தீர்கள். சரிப்படும் அம்மா. ரத்தம் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். சுற்றிலும் ஆட்கள் அழுதுகொண்டிருக்கும்போதும் வரிசை தப்பாமல் நோயாளியைப் பார்ப்பதுதான் கஷ்டம். இந்தப் படிப்பின் பாதி அதற்கான பயிற்சிதான்.

ஒருமுறை அப்படி ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தரையில் கிடந்த பொம்மையின் முழங்காலில் கொஞ்சம் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஒரு மாணவர் ஓடிப்போய்க் காலுக்குக் கட்டுப்போட்டார். நேர்த்தியாகவே போட்டார். அவர் நிமிர்ந்ததும் பயிற்றுநர் கேட்டது ஒன்றுதான்: "மூச்சு இருக்கா, பார்த்தியா?" அவர் பார்க்கவே இல்லை. ஒரு சிராய்ப்பு கண்ணை இழுத்துக்கொண்டுவிட்டது.

இதற்காகத்தான் ஒரு வரிசையை மனதில் ஊற வைக்கிறார்கள். இடம் நமக்குப் பாதுகாப்பானதா? கையுறை போட்டாயிற்றா? பீறிட்டு வரும் ரத்தம் இருந்தால் முதலில் அழுத்தி நிறுத்த வேண்டும். அப்புறம் சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசியில் உடையை விலக்கி மறைந்திருக்கும் காயம். ஓரிடத்தில் கோளாறு தெரிந்தால் அதைக் கவனித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். மூச்சும் துடிப்பும் நின்றிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில். உடம்பில் தெம்பும் வேண்டியிருக்கும், அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொரு காட்சி சொல்கிறேன். ஒருவர் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார், பேச்சு குழறுகிறது, தொட வருகிறவர்களின் கையைத் தட்டிவிடுகிறார். குடித்திருக்கிறார் என்று சுற்றி நிற்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். டெக்னீஷியன் அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார். 70-க்குக் கீழே போனாலே குறைவுதான். கருவி 40 என்று காட்டுகிறது. குளுக்கோஸ் உள்ளே போனதும் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெளிவு திரும்பிவிடும். "எனக்கு என்ன ஆச்சு?" என்று அவரே கேட்பார். சர்க்கரை குறைந்தால் சில நேரம் பக்கவாதம் போலவும் தோன்றும், அதனால்தான் நினைவு பிசகிய யாருக்கும் இந்தச் சோதனையை விடுவதில்லை.

உங்கள் மகள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நின்று பேசுவாள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்குச் சமமாக, கேட்டுத் தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் உண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டே ஆக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பதும் அதுவாகவே இருக்கும். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் நிதானமாகப் பேசி அந்த நேரத்தை வாங்கி வருகிறவள் மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறாள்.

கணக்கில் சுமார் என்றீர்கள், பரவாயில்லை. பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20, நாடி 60 முதல் 100 என்பது போன்ற அளவுகளும், குழந்தைகளுக்கு அவை எப்படி மாறும் என்பதும் மனப்பாடமாக வேண்டும். நிலைமை மோசமானவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து எழுத வேண்டும். சோம்பல் ஆகாது.

உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இரவுப் பணி உண்டு. தூக்கித் தூக்கி முதுகு போகும், சரியாகத் தூக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால். சில காட்சிகள் வீடு வரைக்கும் கூடவே வரும். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாத நாள் யாருக்கும் லேசான நாள் இல்லை. அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஓடும் ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரப் பயிற்சி, மனம் உடைந்துபோகும் மாணவர்களிடம் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

இப்போதே கட்டணம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு முதலுதவி வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். எதை முதலில் பார்த்தேன், எதை அப்புறம் பார்த்தேன் என்று அவளாகச் சொல்லத் தொடங்கினால் இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.