மஸ்காஞியே இசைக்குழுவை நடத்திய 'கவல்லேரியா ருஸ்டிகானா' ஓபராவின் ஒலிப்பதிவு ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கிறது? கேட்கத் தகுந்ததுதானா?

கட்டாயம் கேளுங்கள். இந்த ஓபரா (இசை நாடகம்) 1890 மே மாதம் ரோமில் அரங்கேறியபோது இதை இயற்றிய பியெத்ரோ மஸ்காஞிக்கு வயது 26. சொன்சோஞோ இசைப் பதிப்பகம் நடத்திய ஓரங்க ஓபராப் போட்டிக்காக எழுதியது. அரசர்களும் தேவதைகளும் இல்லை. சிசிலிக் கிராமம், ஈஸ்டர் காலை, காதலனால் கைவிடப்பட்ட சாந்துட்சா என்ற பெண், பொறாமை, கத்தி. இப்படிச் சாதாரண மக்களின் வாழ்வை மேடையேற்றும் போக்கைத்தான் வெரிஸ்மோ என்கிறார்கள்.

பொன்விழாவை ஒட்டி 1940இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கக் குழுவினரோடு மஸ்காஞியே இதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் அவருடைய குரலிலேயே ஒரு சிற்றுரை வரும். அப்போது அவருக்கு வயது 76. வேகம் குறைந்ததை முதுமையின் தளர்ச்சி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிதானத்தில்தான் இசைக்குழுவின் அடிக்குரல்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. சாந்துட்சாவின் வேதனைக்கு இடம் கிடைக்கிறது. அந்தப் பாத்திரத்தைப் பாடிய லீனா புரூனா ராசா அப்போது மனநோயால் அவதிப்பட்டுவந்தவர். அவர் குரலில் உள்ள தவிப்பை வேறெந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை. அவளைக் கைவிட்ட துரித்துவாகப் பாடியவர் பெனியமினோ ஜிலி. துரித்துவின் தாய் லூச்சியாவாக, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜூலியெத்தா சிமியோனாத்தோ.

ஒலித்தரம் பழையது. முதலில், நடுவில் பாடலின்றி இசைக்குழு மட்டும் வாசிக்கும் இடையிசையைக் கேட்டுவிட்டு, பிறகு முழுவதையும் கேளுங்கள்.