கண்ணுக்குள்ள ஓடுத ரசாயனம் பத்தி கேட்டீங்கல்லா, இந்தா பதில்

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டை பக்கம் காலேஜ்ல விலங்கியல் எடுக்கேன், விழித்திரை நரம்பு செல்தான் நான் வருசக்கணக்கா படிச்சிட்டு இருக்க விசயம். கண்ணுக்குள்ள செல்லுக எந்த ரசாயனத்த வச்சு பேசிக்கிடுதுன்னு நம்ம ஆளுக கேட்டதுல சிலத எடுத்து பதில் போடுதேன்.

அம்பாசமுத்திரம், பி.எஸ்சி. படிக்க தம்பி: அண்ணாச்சி, குளுட்டமேட்னா நரம்பு செல்ல தூண்டும்னு ஒரு பக்கத்துல இருக்கு, வெளிச்சம் பட்டா குளுட்டமேட் கொறையும்னு அடுத்த பக்கத்துல இருக்கு. அப்ப வெளிச்சத்துல எப்படித்தான் நமக்கு கண்ணு தெரியுது? பரிச்சை வேற வருது.

தம்பி, ரெண்டு பக்கமும் சரிதான். வெளிச்சத்த வாங்குத செல்லு ராடு, கோன்னு ரெண்டு வகை, ராடு மங்கல் வெளிச்சத்துக்கு, கோன் பகலுக்கு. ரெண்டும் இருட்டுலதான் குளுட்டமேட்ட விடாம விட்டுக்கிட்டே இருக்கும், ஏன்னா இருட்டுல செல்லுக்குள்ள சிஜிஎம்பின்னு ஒரு சேதி மூலக்கூறு நெறைய இருக்கும், அது செல்லு சவ்வுல இருக்க சேனல்ங்க வாசல தொறந்து வச்சிருக்கும், சோடியமும் கால்சியமும் உள்ள வந்துட்டே இருக்கும், செல்லு மைனஸ் 40 மில்லிவோல்ட் பக்கத்துல நிக்கும். வெளிச்சம் பட்டதும் சிஜிஎம்பி சிதைஞ்சு சேனல் மூடி வோல்டேஜ் இன்னும் கீழ எறங்கிரும், குளுட்டமேட்டும் கொறஞ்சிரும். 1965ல ஜப்பான்ல டொமிட்டான்னு ஒருத்தர் கெண்டை மீன் கண்ணுல ஒத்த கோன் செல்லுக்குள்ள எலக்ட்ரோடு விட்டு இந்த எறக்கத்த அளந்து காட்டினாரு, அம்புட்டு சின்ன செல்லுக்குள்ள அத விட்டதே பெரிய வேலை.

இனிமேதான் முக்கியமான எடம். அந்த குளுட்டமேட்ட வாங்கி சேதிய அடுத்த அடுக்குக்குக் கடத்துத பைபோலார் செல்லுல ரெண்டு சாதி இருக்கு. ஆஃப் பைபோலார்ல ஆம்பா, கைனேட் வகை ரிசெப்டர் (ரசாயனத்த வாங்குத புரதம்), குளுட்டமேட் வந்தா செல்லு கெளம்பும், அதனால அது இருட்டுக்குக் குரல் கொடுக்கும். ஆன் பைபோலார்ல இருக்கது எம்குளூஆர்6ன்னு வேற ரிசெப்டர், அதுல குளுட்டமேட் வந்து ஒட்டினா டிரிப்எம்1 சேனல் மூடிக்கிடும், செல்லு அடங்கிரும். வெளிச்சம் வந்து குளுட்டமேட் கொறஞ்சாத்தான் அந்த சேனல் தொறக்கும், செல்லு எந்திரிக்கும். ஒரே ரசாயனம், ரெண்டு எதிர் பதில். 1981ல ஸ்லாட்டரும் மில்லரும் ஏபிபின்னு ஒரு மருந்த விழித்திரையில விட்டப்போ ஆன் பக்கம் மட்டும் பதில் சொல்லாம போச்சு, ஆஃப் பக்கம் அப்படியே வேலை செஞ்சுது. அதனால பரிச்சையில "குளுட்டமேட் தூண்டும்"னு மொட்டையா எழுதாத, எந்த ரிசெப்டர் வாங்குதுன்னு சேத்து எழுது.

கல்லிடைக்குறிச்சி: அப்ப மடையத் தொறந்து போட்டுட்டு வெளிச்சம் வந்தா அடைக்க கணக்காவே?

அதே கணக்குதான் வே, ஆனா முழுசா அடைக்காது, வெளிச்சம் கூடக் கூட கொஞ்சங்கொஞ்சமா எறக்கும். இன்னொண்ணு, விழித்திரை இருட்டுலதான் சக்திய கூட செலவழிக்கும், பகல்ல இல்ல.

சுரண்டை தங்கச்சி: எங்க ஆச்சி மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரைய சாப்பிடச் சொல்லுவா. நம்ம பக்கத்து வீட்டுப் பையனுக்கு பொறந்ததுல இருந்தே ராத்திரி கண்ணு தெரியல, கீரை குடுத்தா சரியாகுமா?

ஆச்சி சொன்னது வைட்டமின் ஏ கொறையால வர மாலைக்கண்ணுக்கு நல்ல யோசனை, ராடுல இருக்க ரோடாப்சின் செய்ய அது வேணும். பொறவியிலேயே இருந்து கூடாம கொறையாம நிக்குத வகை வேற. அதுல சிலருக்கு மேல சொன்ன எம்குளூஆர்6, டிரிப்எம்1 இதுக்கான ஜீன்லயே கோளாறு, ராடு நல்லா இருக்கும், சேதிய வாங்க ஆள் இருக்காது. அதுக்கு கீரை உதவாது. வெளிச்சத்துக்கு விழித்திரை குடுக்க மின்சார பதில அளக்குத ஈஆர்ஜின்னு ஒரு டெஸ்ட் எடுத்தா, அதுல ஆன் பைபோலார் காட்டுத பி அலை சுருங்கியோ இல்லாமயோ இருக்கும், அதுல பிடிச்சிரலாம். கண்ணாஸ்பத்திரிக்கு கட்டாயம் கூட்டிட்டு போகச் சொல்லும்மா.

மேலப்பாளையம், ஹோட்டல் வச்சிருக்க பாய்: அஜினமோட்டோவும் குளுட்டமேட்தான, அத சாப்பிட்டா கண்ணு போயிரும்ங்காங்களே, நெசமா?

பாய், அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கு. 1957ல லூக்காஸ், நியூஹவுஸ்னு ரெண்டு பேரு பொறந்து கொஞ்ச நாளே ஆன சுண்டெலிக்கு சோடியம் குளுட்டமேட்ட ஊசியா போட்டாங்க, விழித்திரையோட உள் அடுக்கு அழிஞ்சு போச்சு. குளுட்டமேட் அளவுக்கு மிஞ்சினா ரிசெப்டர் தொறந்தே கெடந்து கால்சியம் உள்ள குமிஞ்சு செல்லு செத்துரும், அது உண்மைதான். ஆனா நாம தின்னுதது ஊசி இல்ல, பெரும்பங்க குடலே எரிச்சுத் தீத்துரும், ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவுல தடுப்பு வேற இருக்கு, அதையும் தாண்டி உள்ள முல்லர் செல்லுன்னு ஒண்ணு மிச்ச குளுட்டமேட்ட உறிஞ்சி குளுட்டமினா மாத்திரும். சமையல்ல போடுத அளவுக்கு கண்ணு போகாது. பிரசர் இருக்கவங்க மட்டும் சோடியத்த நெனச்சு கொறச்சுக்கிடுங்க.

நாங்குநேரி அம்மா: பையன் கண்ணாடி போட்டாச்சு, வருசா வருசம் பவர் ஏறுது. வெயில்ல விளையாடச் சொல்லுதாங்க, வெயிலுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?

இருக்கு மதினி. விழித்திரையோட உள் அடுக்குல அமக்ரைன்னு நரம்பு செல்லுக இருக்கு, அதுல சிலது நல்ல வெளிச்சத்துல டோபமின்ங்க ரசாயனத்த விடும், கண்ணு நீளமா வளராம பாத்துக்கிடுததுல அதுக்குப் பங்கு உண்டு. கோழிக்குஞ்சுல டோபமின் ரிசெப்டர அடைச்சா வெளிச்சம் கொடுத்த பாதுகாப்பு போயிருது. சீனாவுல குவாங்சோ பள்ளிக்கூடங்கள்ல ஒண்ணாப்பு பிள்ளைகளுக்கு தெனம் 40 நிமிசம் கூடுதலா வெளிய விட்டாங்க, 3 வருசத்துல புதுசா கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம், அப்படி விடாத பிள்ளைகள்ல 39.5. 2015ல வந்த முடிவு. வந்த பவர இது எறக்காது, கண்ணாடிய கழட்டிராதீங்க, ஆனா சின்னவ இருந்தா இப்பவே வெளிய விடுங்க. மர நெழலு போதும், சூரியன நேரா பாக்க விடக்கூடாது.

கடையம் டீச்சர்: அமக்ரைன் எல்லாம் டோபமின்தானா?

இல்ல டீச்சர், ரொம்ப கொஞ்சம்தான். பெரும்பாலும் காபா இல்லேன்னா கிளைசின், ரெண்டும் நரம்பு செல்ல அடக்குத ரசாயனம். ஸ்டார்பர்ஸ்ட் அமக்ரைன் மட்டும் அசிட்டைல்கோலினும் காபாவும் சேத்து விடும், பொருள் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்டுபிடிக்கதுல அதுதான் பெரிய கை.

உவரி: அண்ணாச்சி, மீனுக்கு ராத்திரி எப்படி கண்ணு பழகுது?

நெறைய மீனுக்கு நம்மள மாதிரி கண்ணுப் பாப்பா சுருங்கி விரியாது, செல்லே நகரும். பகல்ல டோபமின் கூடும்போது கோன் சுருங்கி முன்னால வரும், ராடு நீண்டு கருப்பு நெறமி அடுக்குக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். ராத்திரி அப்படியே மாறிரும். இது உடனே நடக்காது, பல நிமிசம் எடுக்கும்.

வள்ளியூர்: தம்பி மகளுக்கு வலிப்புக்கு விகாபாட்ரின் குடுக்காங்க. கண்ணுக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டு பயமா இருக்கு, நிறுத்திரலாமா?

தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திராதீங்க, வலிப்பு கூடிரும். அந்த மருந்து காபாவ சிதைக்க நொதிய அடைச்சு காபாவ கூட்டும், வலிப்பு அதனாலதான் அடங்குது. விழித்திரையிலயும் அந்த மருந்தோட பாதிப்பு இருக்கு, சிலருக்கு ஓரப்பார்வை சுருங்கும், போனது திரும்பாது. டாக்டர்ட்ட கேட்டு பிள்ளை வயசுக்கு ஏத்த கண் பரிசோதனைய இடைவெளி விட்டு எடுத்துக்கிட்டே இருங்க, மருந்த மாத்தணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.