இரண்டாம் உலகப் போர் பற்றிய பழைய படங்களில், ஹாலிவுட் தவிர்த்து எவற்றைப் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால் சோவியத் படங்களில் தொடங்கச் சொல்வேன். அந்தப் போரில் அவர்கள் தரப்பில் மட்டும் ஏறக்குறைய 2.7 கோடிப் பேர் செத்தார்கள். படம் எடுத்தவர்களில் பலர் போர்முனையில் இருந்தவர்கள், இல்லை என்றால் சின்ன வயதில் அதில் மாட்டிக்கொண்டவர்கள். அதனாலோ என்னவோ, சாகசம் ரொம்பக் குறைவு.

முதலில் பார்க்க வேண்டியது 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959). இயக்குநர் கிரிகோரி சுக்ராய் ஸ்டாலின்கிராடில் சண்டை போட்டவர், ஆனால் படத்தில் சண்டை முதல் சில நிமிடங்களோடு சரி. அல்யோஷா என்கிற பத்தொன்பது வயதுப் பையன் உயிருக்குப் பயந்து ஓடி, வேறு வழியே இல்லாமல் இரண்டு ஜெர்மன் டாங்கிகளைச் சுட்டுத் தகர்த்துவிடுகிறான். ஜெனரல் பதக்கம் தருகிறேன் என்கிறார். இவனோ அதற்குப் பதிலாக ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம் என்கிறான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரையைச் சரிசெய்ய இரண்டு நாள், ஆக ஆறு நாள் லீவு கிடைக்கிறது. மீதிப் படம் பெரும்பாலும் ரயிலும் ஸ்டேஷனும்தான். கிளம்பும்போது முன்பின் தெரியாத ஒரு சிப்பாய், என் பெண்டாட்டியிடம் கொடுத்துவிடு என்று இரண்டு கட்டி சோப்பைக் கையில் திணிக்கிறான், அந்தப் பட்டாளத்துக்கே இருந்த சோப்பு அவ்வளவுதான். தேடிப் போனால் அவள் இன்னொருவனோடு வாழ்ந்துகொண்டிருக்கிறாள். கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் மனசு கேட்காமல் திரும்பிப் போய் அந்தச் சோப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து சிப்பாயின் அப்பாவிடம் சேர்க்கிறான். கூரை வேய நேரம் கிடைத்ததா என்று நான் சொல்ல மாட்டேன். அவன் போரிலிருந்து திரும்பவில்லை என்பதைப் படமே ஆரம்பத்தில் சொல்லிவிடும்.

'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' (1957) அதற்கு அடுத்து. 1958-இல் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். காதலன் போர்முனைக்குப் போனபின் அவனுடைய சொந்தக்காரனையே கட்டிக்கொள்ளும் ஒருத்தியைக் கதாநாயகியாக்கி, அவளைத் திட்டாமல் எடுத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

"சோவியத் படம் என்றால் பிரசாரம்தானே?" என்று கேட்பீர்கள். ஸ்டாலின் இருந்தவரை வந்தவற்றில் நிறைய அப்படித்தான். 1953-இல் அவர் செத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அப்போதும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று 1939-இல் ஹிட்லரோடு ஸ்டாலின் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் பற்றி இந்தப் படங்களில் ஒரு வார்த்தை இருக்காது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் லரிசா ஷெபிட்கோவின் 'தி அசென்ட்' (1977). ஜெர்மானியர்களிடம் மாட்டும் இரண்டு கெரில்லாக்களில் ஒருவன் உடைகிறான், மற்றவன் உடைவதில்லை. 1979-இல் அவர் கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய கணவர் எலெம் கிளிமோவ் எடுத்ததுதான் 'கம் அண்ட் ஸீ' (1985). தயவுசெய்து இதை முதலில் பார்க்காதீர்கள். 1943, பெலாரஸ். ஃபிளியோரா என்ற பையன் ஒரு பெண்ணோடு தன் வீட்டுக்கு வருகிறான். யாரும் இல்லை. தரையில் பொம்மைகள், எங்கும் ஈ மொய்க்கிறது, அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மா எங்கே ஒளிந்திருப்பாள் என்று தனக்குத் தெரியும் என ஓடுகிறான், பின்னால் ஓடும் அந்தப் பெண் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள்: வீட்டுக்குப் பின்பக்கம் ஊரே பிணமாகக் குவிந்து கிடக்கிறது. அவன் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். திரைக்கதையில் பங்குகொண்ட அலெஸ் அடமோவிச் சிறுவயதில் பெலாரஸில் கெரில்லாவாக இருந்தவர், கிளிமோவ் குழந்தையாக ஸ்டாலின்கிராடிலிருந்து தப்பி வோல்காவைக் கடந்தவர். பெலாரஸில் ஜனங்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட கிராமங்கள் 628 என்று கடைசியில் எழுத்தில் வரும்.

இவற்றில் பலவற்றை ரஷ்யாவின் அரசுப் பட நிறுவனமான மாஸ்ஃபிலிமே தன் யூடியூப் சேனலில் சப்டைட்டிலோடு ஏற்றியிருக்கிறது. 'கம் அண்ட் ஸீ'யை மட்டும் ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் கட்டாயம் வேண்டாம்.